டென்ஷன் ஏறினால் மூட்டு வலியும் ஏறுமா?

கேள்வி: 6 வருடமாக எனக்கு முடக்குவாதம். மகள் கல்யாணம் நெருங்க நெருங்க விரல்கள் வீங்கி, மோதிரம்கூடக் கழற்ற வரவில்லை. எல்லாம் டென்ஷன் என்கிறார் வீட்டுக்காரர். அப்படியா?

பதில்: பாதி சரி. கவலை நாள்கணக்கில் நீடித்தால், அழற்சியை அடக்கி வைக்கும் கார்டிசால் ஹார்மோனின் ஒழுங்கு கெடுகிறது. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்களின் கை ஓங்குகிறது. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை விட்டுவிட்டீர்களா? பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போகும் அவசரத்தில் அந்த ஒரு நாள்தான் மறந்துபோகும். விட்டிருந்தாலும், ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு வாரத்து மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள், தினமும் போடாதீர்கள், அது ஆபத்து.

அப்புறம், காலையில் கை மடங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது? ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் நோய் கிளம்பியிருக்கலாம். அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்க்க வேண்டியிருக்கும். 'கல்யாணம் முடியட்டும்' என்று தள்ளாமல் டாக்டரிடம் போங்கள். கண்ணுக்குத் தெரிகிற வீக்கத்தை டென்ஷன் கணக்கில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. மோதிரத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டு இன்றைக்கே கழற்றப் பாருங்கள். வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். விரலை விடத் தங்கம் பெரிதில்லை.

கேள்வி: வயது 61. முழங்கால் தேய்மானம். மனைவி இறந்தபின் வலி இரண்டு மடங்காகிவிட்டது. எக்ஸ்ரேயோ 2 வருடத்துக்கு முன் இருந்தபடியே இருக்கிறதாம். யாரும் நம்பவில்லை.

பதில்: நான் நம்புகிறேன். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், வலி தெரியாது. துக்கம் குருத்தெலும்பைத் தேய்ப்பதில்லை. ஆனால் மூட்டிலிருந்து வரும் வலிச் செய்தியை முதுகுத்தண்டிலேயே தணிக்கும் ஏற்பாடு ஒன்று மூளையிடம் உண்டு. தூக்கம் கெட்டு, மனமும் சோர்ந்தால் அது தளர்ந்துவிடும். வெளியே போவதையும் குறைத்திருப்பீர்கள். தொடைத் தசை இளைத்தால் மூட்டுக்குத்தான் சிரமம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, 5 எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். ஒரு காலுக்கு 10 தடவை. சாயங்காலம் பழைய நண்பர் யாரையாவது கூட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை நடங்கள். பல வாரமாகத் தூக்கமே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், முழங்காலை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள்.

கேள்வி: பிராணாயாமம் செய்கிறேன், மனசு லேசாக இருக்கிறது. முடக்குவாத மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. இரண்டும் தொடரட்டும்.

கேள்வி: முழங்கால் வலிக்குப் போனால் டுலாக்செட்டின் எழுதிக் கொடுத்தார். கூகுளில் பார்த்தால் மனச்சோர்வு மாத்திரை! எனக்கென்ன பைத்தியமா?

பதில்: இல்லை. (மனச்சோர்வும் பைத்தியமில்லை.) மேலே சொன்ன வலி தணிக்கும் ஏற்பாட்டுக்குத் தெம்பு தருகிற மருந்து அது. நாள்பட்ட தசை, மூட்டு வலிக்கும் அதைத் தரலாம் என்று அமெரிக்காவில் 2010-லேயே அனுமதித்துவிட்டார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஈரல் கோளாறு இருந்தாலோ வேறு மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலி விட்டதென்று நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம்; தலைசுற்றலும் குமட்டலும் படுத்தும்.