தங்க ஊசி வரும்வரை அப்பாவின் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தது. புற்றின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 7 (3+4), இரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 11. சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை என்கிறார்கள். கதிர்வீச்சுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஆனால், அமெரிக்காவில் தங்க நானோ துகள்களை ஊசியில் ஏற்றி, கத்தி வைக்காமலே கட்டியை அழிக்கிறார்கள் என்று காணொளியில் பார்த்த அப்பா, 'அது வரட்டும், பொறுப்போம்' என்கிறார். அதுவரை சாப்பிடத் தங்க பஸ்பமும் வாங்கி வைத்திருக்கிறார். சிடி ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரியப் போட்ட கான்ட்ராஸ்ட் ஊசியால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அதற்காவது தங்கத்தில் மாற்று உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கதிர்வீச்சுக்குக் கொடுத்த தேதியை மாற்றாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

அப்பா பார்த்தது பொய்யில்லை. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் நடந்த ஆய்வாகத்தான் அது இருக்க வேண்டும். அதில் பயன்பட்ட துகளை உருவாக்கியவர்கள் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும். சிலிக்காவாலான நுண்ணிய உருண்டை, அதன்மேல் மெல்லிய தங்க முலாம். குறுக்களவு ஏறத்தாழ 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இத்தகைய உருண்டைகளை ஐந்நூறு வரைகூட வரிசையாக அடுக்கலாம்.

தங்கம் எதற்கு என்று அப்பா கேட்பார். வீட்டில் கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலான அட்டைகளில் சாயம் அன்று, தங்கம். இருபது, நாற்பது நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்த தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் மாதுளைச் சாறு போலச் சிவக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1857-இல் இதை ஆராய்ந்தார். அவர் தயாரித்த சிவப்புத் தங்கக் கரைசல் இன்றும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நிறம் மாறாமல் இருக்கிறது.

இரவில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விரல்களின் ஓரம் சிவப்பாகத் தெரியும். மற்ற நிறங்களைச் சதையும் இரத்தமும் தடுத்துவிட, சிவப்பு மட்டும் ஊடுருவி வருகிறது. சிவப்புக்குச் சற்று அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். முலாமின் தடிமனைச் சரிசெய்து, அந்த ஒளியை விழுங்கிச் சூடாகும்படி அந்தத் துகளைச் செய்திருக்கிறார்கள். முதல் நாள் நரம்பு வழியாகத் துகள்களை ஏற்றுகிறார்கள். கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுங்கில்லாமல், கசியும் தன்மையுடன் வளர்ந்திருப்பதால் அங்கே துகள்கள் தேங்குகின்றன. மறுநாள் எம்ஆர்ஐ படத்தைத் துணையாகக் கொண்டு, மெல்லிய லேசர் இழையைக் கட்டிக்குள் செலுத்தி ஒளி பாய்ச்சுகிறார்கள். தங்கம் தேங்கிய இடம் வெந்துபோகிறது, சுற்றியுள்ள திசு பெரும்பாலும் தப்பிக்கிறது.

2019-இல் வெளியான முடிவுகளின்படி, சேர்ந்த 16 பேரில் 15 பேருக்கு இதைச் செய்து முடிக்க முடிந்தது. சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. புராஸ்டேட் சிகிச்சையில் ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாமல் அஞ்சுவது இந்த இரண்டையும்தான். ஆகவே அப்பாவின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பதினாறு பேர் என்பது தொடக்கம் மட்டுமே. புராஸ்டேட் புற்று ஒரே சுரப்பியில் பல இடங்களில் முளைக்கக்கூடியது. ஓர் இடத்தை வேகவைத்த பிறகு மற்ற இடங்கள் பத்து ஆண்டுகளில் என்னவாகும் என்பதைப் பத்து ஆண்டுகள் பார்த்தால்தான் சொல்ல முடியும். புற்றுநோய்க்கான தங்க நானோ மருந்து எதுவும் அமெரிக்காவில்கூடப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெறவில்லை. உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது நடுத்தர அபாய வகை. இதற்குக் கதிர்வீச்சு நன்றாகப் பலன் தரும். சில வாரங்கள் எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை. வராத ஊசிக்காக வருடக்கணக்கில் காத்திருப்பது வேறு. அப்படிக் காத்திருந்து, இடுப்பெலும்பில் வலி தொடங்கிய பிறகு என்னிடம் வந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. முதல் பயாப்ஸியில் அவருக்கும் சுரப்பிக்குள்தான் நோய் இருந்தது.

துகள்கள் கட்டியை மட்டும் தேடிப் போகும் என்று காணொளிகள் காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். பத்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டொரான்டோ பல்கலைக்கழகக் குழு, விலங்குகளுக்குச் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைவது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான் என்று 2016-இல் எழுதியது. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேரும். மருத்துவர்களுக்கு இந்தக் குணம் பழைய அறிமுகம். 1950களில் கதிரியக்கத் தங்கக் கரைசலை ஏற்றி, கல்லீரலை ஸ்கேன் எடுத்ததே அது அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான். அதே காலத்தில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ரூபின் ஃபிளாக்ஸ் அந்தக் கரைசலைப் புராஸ்டேட் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார். அங்கே புற்றைக் கொன்றது தங்கத்தின் கதிரியக்கம்.

தங்க பஸ்பத்துக்கு வருவோம். அதிலும் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வாயால் விழுங்கும் தங்கத்தில் மிகச் சிறிய அளவே இரத்தத்தில் சேரும். நியூயார்க் ஆய்வில் கட்டியை அழித்தது லேசர் மூட்டிய சூடு. லேசர் இல்லாமல் அந்தத் துகள் சும்மா கிடக்கும். சில பஸ்பங்களில் பாதரசமோ ஈயமோ கலந்திருந்து சிறுநீரகம் கெட்டதும் உண்டு. ஆகவே டப்பாவைத் திறக்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்து, விவரத்தைக் கதிர்வீச்சு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 'நானோ தங்கச் சிகிச்சை' என்று யாராவது பணம் கேட்டால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவெண் என்ன என்று கேளுங்கள். முறையான ஆய்வில் சேர்பவரிடம் ஆய்வு மருந்துக்குக் காசு வாங்குவதில்லை.

கான்ட்ராஸ்ட் ஊசியில் இருப்பது அயோடின் சேர்மம். தங்கத்தின் அணு எண் 79, அயோடினுக்கு 53. பொதுவாக அணு எண் கூடினால் எக்ஸ் கதிரைத் தடுக்கும் திறனும் கூடும். ஆகவே தங்கம் அதை நன்றாகவே தடுக்கும், எலிகளில் தெளிவான படங்களும் கிடைத்தன. மனிதருக்கு வழக்கமான ஸ்கேனில் அது இன்னும் வரவில்லை. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டுமானால் துகள் ஐந்தாறு நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பெரிதானால் கல்லீரலில் தங்கிவிடும். கான்ட்ராஸ்ட்டுக்கு இதுதான் சிக்கல்.

உடம்பு தடித்தது ஒவ்வாமை. அன்று போட்ட மருந்தின் பெயரை ஸ்கேன் மையத்தில் எழுதி வாங்கி, அப்பாவின் கோப்பு அட்டையின் மேலேயே சிவப்பு மையில் எழுதிவையுங்கள். அடுத்த ஸ்கேனுக்கு முன் அதைக் காட்டினால், வேறு கான்ட்ராஸ்ட் மருந்துக்கு மாற்றலாம், முன்கூட்டியே ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கலாம், அல்லது கான்ட்ராஸ்ட் இல்லாமலே எடுக்க முடியுமா என்று பார்க்கலாம். அன்று தடிப்புடன் மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.