அங்காடி கழித்த மின்னணு விலை லேபிளில் ‘தேயிலை’ என்று எழுதுவது எப்படி?

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத்தூள், வர்க்கி, தைலம் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பெரிய அங்காடி ஒன்று கழித்த மின்னணு விலை லேபிள்கள் 30, கோயம்புத்தூர் பழைய பொருள் வியாபாரி ஒருவரிடம் கிடைத்தன. திறந்தமூல ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) ஏற்றி இவற்றில் தமிழில் விலை காட்ட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதைப் பொறுத்தது. முதலில் ஒரே ஒரு லேபிளின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைப் படியுங்கள். அகச்சிவப்பு ஒளி வழியாகச் செய்தி பெறும் லேபிள்கள் தனி வகை; கீழே சொல்லும் முறை அவற்றுக்குப் பொருந்தாது. வெளிநாட்டுக்கென்று செய்த 915 மெகாஹெர்ட்ஸ் லேபிள்களை ஒதுக்கிவிடுங்கள், அந்த அலைவரிசையை இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையாக இருந்தால் வேலை எளிது. டெலிங்க் நிறுவனச் சிப் உள்ள சில ஹன்ஷோ நிறுவன லேபிள்களுக்கு ஆரோன் கிறிஸ்டோஃபெல் எழுதிய ஃபர்ம்வேர் இருக்கிறது. அதை ஏற்றிய பின் புளூடூத் வழியாகக் கைபேசியிலிருந்தே படம் அனுப்பலாம். சோலம் நிறுவனத்தின் பல லேபிள்களுக்கு ஓப்பன்ஈபேப்பர்லிங்க் என்னும் திறந்தமூலத் திட்டம் பொருந்தும். அதில் ஈஎஸ்பி32 என்னும் வைஃபை சிப் பலகையைக் கொண்டு செய்த நிலையம் ஒன்று கடையில் இருக்க, லேபிள்கள் அவ்வப்போது விழித்து, தமக்குப் புதிய படம் வந்திருக்கிறதா என்று அதனிடம் கேட்டுக்கொள்ளும். 30 லேபிள்களுக்கு ஒவ்வொன்றாகக் கைபேசியை நீட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், வகை பொருந்துமானால் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பேன்.

ஏற்றும்போது பட்டன் செல்களைக் கழற்றிவிட்டு, லேபிளைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி மாற்றியை 3.3 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடும். பழைய ஃபர்ம்வேரைப் படித்தெடுக்க முடிந்தால் அதை லேபிளின் எண்ணோடு சேர்த்துச் சேமித்துவையுங்கள். பல வகைகளில் லேபிளின் தனி அடையாள எண்ணும் அதே நினைவகத்தில்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து எடுத்ததை அப்படியே மற்ற 29இலும் ஏற்றினால், எல்லாம் ஒரே பெயரில் நிலையத்தைக் கூப்பிடும்.

இதுவரை சொன்னதை யாரும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். உங்களுக்கு உண்மையில் தொல்லை தரப்போவது தமிழ் எழுத்து. ‘தேயிலை’ என்ற சொல் யூனிகோடில் த, ே, ய, ி, ல, ை என்று ஆறு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஏகாரக் கொம்பையும் ஐகாரக் கொம்பையும் மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது, எழுத்துகளைக் கோத்து வரையும் மென்பொருளின் வேலை. சிறிய சிப்பில் அந்த மென்பொருள் இருப்பதில்லை. தமிழ் எழுத்துருவையே அதில் திணித்தாலும் கொம்புகள் தவறான பக்கத்தில் நிற்கும். ஆகவே சொற்களை லேபிளுக்கு அனுப்பாதீர்கள், கணினியில் படமாக வரைந்து அனுப்புங்கள். பைத்தான் நிரல்மொழியில் பில்லோ என்னும் பட நூலகத்தைக் கொண்டு வரைவதானால் ராக்ம் என்னும் துணை நூலகமும் இயங்க வேண்டும், இல்லையேல் கணினியிலேயே அதே பிழை வரும். 2.9 அங்குல லேபிளில் இருப்பவை 296×128 புள்ளிகள் மட்டுமே. எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கும் சாம்பல் நிழலை நிறுத்திவிட்டு, தடித்த எழுத்துருவில் சுத்தமான கறுப்பு வெள்ளையாக வரையுங்கள். சாம்பல் கலந்தால் அது புள்ளிப்புள்ளியாகச் சிதறி, ‘ழ’வின் சுழி அடைத்துக்கொள்ளும். சிவப்பை விலை எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஆயினும் மூன்று நிறத் திரை ஒருமுறை மாறச் சுமார் 15 வினாடிகளோ அதற்கு மேலோ மினுக்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது குளிர். லேபிளின் திரையான மின்தாளுக்குள் இருப்பவை, எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய கறுப்பு வெள்ளைத் துகள்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அவை இடம் மாறும், குளிரில் எண்ணெய் இறுகுவதால் மெதுவாகவே மாறும். இத்திரைகளில் பெரும்பாலானவை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலை செய்வதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. உறைபனிக் காலத்து விடியலில் உதகையில் ஒரு லேபிளின் விலையை மாற்றப் போய், புதிய எண்ணுக்குப் பின்னால் பழைய எண் பேய்போல் தெரிய நின்றதைப் பார்த்திருக்கிறேன். கோத்தகிரி அவ்வளவு குளிராதென்றாலும், மார்கழி, தை மாதங்களில் வெயில் ஏறிய பின் 11 மணி வாக்கில் விலையை மாற்றுங்கள். வரைந்து முடித்த படத்துக்கு மின்சாரமே தேவையில்லாததால், இரவுக் குளிரில் அது அப்படியே நிற்கும். பட்டன் செல்லும் குளிரில் தளர்ந்துபோகும். திரை மாறும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து, படம் பாதியில் நின்றுவிடும். லேபிளோடு வந்த பழைய செல்களை நம்பாமல் புதிதாக வாங்கிப் போடுங்கள்.

மழைக்காலத்தில் மின்தடை நீண்டால் நிலையம் அணைந்துவிடும். அதைத் தேடித் தேடிச் செல்லை வீணாக்காமலிருக்க லேபிள்கள் விழிக்கும் இடைவெளியை நீட்டிக்கொள்ளும் என்பதால், மின்சாரம் வந்த பிறகும் அவை திரும்ப இணைய நேரம் பிடிக்கும். ரவுட்டருக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ்ஸை நிலையத்துக்கும் வைத்துவிட்டால் இந்தக் காத்திருப்பு இல்லை.

பின்மூடி உடைந்த லேபிள்களைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் தட்டில் வைக்காதீர்கள்: விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே அதைப் புண்ணாக்கிவிடும். மூடி சரியாக இருக்கும் இரண்டு லேபிள்களை மட்டும் முதலில் மாற்றி, ஒன்றைக் கல்லாப் பக்கமும் மற்றொன்றை வாசலோரத் தைல அலமாரியிலும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். வாசலோரத்தில் இருப்பது தவறாமல் படம் மாற்றினால், மற்ற 28இன் மூடியையும் கழற்றலாம்.