மதியத்துக்குள் ஊறிப்போகும் சாண்ட்விச்சுக்கு

காலை 7 மணிக்குக் கட்டும் வெள்ளரி-தக்காளி சாண்ட்விச் 1 மணிக்குள் நசநசத்துவிடுகிறது, வேறு என்ன வைக்கலாம்னு கேட்டிருக்கீங்க. தக்காளியின் விதைச்சாறும், உப்பு பட்டதும் வெள்ளரி விடும் தண்ணீரும்தான் காரணம். ரெண்டையும் தனி டப்பாவில் வையுங்க.

உள்ளே கொண்டைக்கடலை வைக்கலாம். வெந்து நன்றாக வடிந்தது 1 கப், இட்லிப் பொடி 2 டீஸ்பூன், நல்லெண்ணெய் 1 டீஸ்பூன், பொடியா நறுக்கிய வெங்காயம், அரை மூடி எலுமிச்சை. முள்கரண்டியால் பாதிதான் மசிக்கணும். மிக்ஸியில் போட்டால் கூழாகி, கடித்ததும் பக்கவாட்டில் பிதுங்கும். 2 சாண்ட்விச்சுக்குச் சரியா இருக்கும்.

இன்னொன்று, பனீர் 100 கிராம் உதிர்த்து, குடைமிளகாய், மிளகுத்தூளோடு ஈரம் வற்றும்வரை வதக்கியது. முழுசா ஆறணும், சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து ரொட்டி நனைந்துவிடும்.

எதை வைத்தாலும் ரெண்டு துண்டிலும் ஓரம்வரை வெண்ணெய் தடவுங்க. நடுவில் மட்டும் தடவினால் ஓரம்தான் முதலில் ஊறும்.

ஆபீசில் ஃப்ரிட்ஜோ, பையில் ஐஸ் பேக்கோ இல்லையென்றால் மேலே சொன்ன ரெண்டும் வேண்டாம். வேர்க்கடலை வெண்ணெய் தடவி, மேலே பூண்டுப் பொடி தூவிக் கொண்டுபோங்க. கேட்க விநோதம், ருசி பிரமாதம்.