ஆய்வகத் தட்டில் ஒட்டுண்ணியைக் கொல்லும் மூலிகைச் சாறு ஏன் மருந்தாவதில்லை?

வேப்பிலைச் சாறு மலேரியா ஒட்டுண்ணியைக் கொன்றதாக ஆய்வுகள் வந்தபடி இருக்கின்றன, பிறகு ஏன் மருந்து வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டுண்ணி ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கொல்வது பெரிய காரியமே அல்ல. சோப்புத் தண்ணீர்கூடக் கொல்லும்.

சாற்றைக் கரைக்க நாங்கள் பெரும்பாலும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு பயன்படுத்துகிறோம். அதன் அளவு சற்றுக் கூடினால் கரைப்பானே ஒட்டுண்ணியின் கதையை முடித்துவிடும். புகழ் மூலிகைக்குப் போய்ச் சேரும். அதனால் சோதனை நடக்கும், 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் சில குழிகளில் கரைப்பானை மட்டும் விட்டு ஒப்பிட வேண்டும். எந்தக் கட்டுரை வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் குழிகளைத்தான். துவர்ப்புச் சாறுகளில் இன்னொரு தொல்லை, அந்தத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள். கிடைத்த புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும் அது எல்லாச் சோதனையிலும் வெற்றி பெற்றதுபோல் காட்டும். ஆகவே அதே சாற்றை மனிதச் செல்களிலும் சோதிக்கிறோம். இரண்டும் ஒரே அளவில் செத்தால் அது விஷம், அவ்வளவுதான்.

எந்த வடிவத்தில் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி, அதைப் பரப்பும் மணல் ஈயின் உடலில் வாலுடன் நீந்தும். மனித உடலிலோ வாலைச் சுருக்கிக்கொண்டு, நம்மைக் காக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். வளர்க்க எளிது என்பதால் வால் உள்ளதை மட்டும் சோதித்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். மேக்ரோஃபேஜின் செல் சவ்வையும் தாண்டிப் போய்க் கொல்லுமா என்பதற்கு அவற்றில் பதில் இருக்காது.

உங்கள் வேம்புக்கு வருகிறேன். அதிலுள்ள கெடுனின் என்ற வேதிப்பொருள் தட்டில் மலேரியா ஒட்டுண்ணியை நன்றாகவே அடக்குகிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது அந்த வீரியம் தெரியவில்லை. குடல், கல்லீரல், ரத்தம் எல்லாவற்றையும் கடந்து போதிய அளவில் போய்ச் சேர்ந்தால்தானே வேலை செய்யும்?

கடந்து வந்ததும் உண்டு. சீனாவில் து யோயோ என்ற ஆய்வாளரின் குழுவினர் மலேரியாவுக்காக ஆர்ட்டிமீசியா அனுவா என்ற செடியைச் சோதித்தபோது முடிவுகள் ஒரு நேரம் போல் ஒரு நேரம் இல்லை. செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன 4ஆம் நூற்றாண்டு மருத்துவக் குறிப்பைப் படித்த அவருக்கு, கொதிக்கவைப்பதே மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் பிரித்தார்கள். 1971 அக்டோபரில் 191ஆம் மாதிரி எலிகளில் முழுப் பலன் தந்தது. நோயாளிகளுக்குத் தரும் முன் 1972இல் அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து பிறந்த கதை இது.

அப்படியானால் அந்தச் செடியைத் தேநீராகப் போட்டுக் குடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. செடிக்குச் செடி மருந்தின் அளவு மாறும். குறைந்த அளவு உள்ளே போனால் நோயும் தீராது, ஒட்டுண்ணிக்கும் எதிர்ப்புத் திறன் வளரும்.