கிளினிக் நாளைத் தள்ளிப்போடும் சகோதரிக்கு

கேள்வி: எனக்கு வயது 53. மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். எட்டு ஆண்டுகளாக எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் பள்ளி விட்டதும் என்னிடம் வந்துவிடுவார்கள். கோவில் சமையலுக்கும் கூப்பிடுவார்கள். விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் கவனித்த பிறகு சாப்பிடுகிறேன். பத்து மணிவாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. இரண்டு முறை கிளினிக் தேதி தவறிவிட்டது. பாதத்தில் ஒரு சிறு புண் மூன்று வாரமாக ஆறவில்லை, ஆனால் வலியில்லை. எனக்கென்று நேரம் ஒதுக்குவது சுயநலமாகத் தோன்றுகிறது. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, வலியில்லை என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கும் அந்தப் புண்தான் எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது. பல ஆண்டுகள் இனிப்புநீர் இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கலாம். இரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறாமல், வலியின்றியே ஆழமாகிக்கொண்டு போகும். ஆகவே நாளைக் காலையே அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்போ வீக்கமோ பரவினாலும், நாற்றம் வந்தாலும், பாதம் கறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கோவில் சமையற்கட்டானாலும் வெறுங்காலுடன் நிற்க வேண்டாம்.

கைநடுக்கமும் வியர்வையும் வெறும் களைப்பாக இருக்க வாய்ப்பில்லை என்றே கருதுகிறேன். கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் இன்சுலின் சுரப்பைத் தூண்டுபவை என்பதால், அவற்றை உண்டுவிட்டு மணிக்கணக்கில் பட்டினியாக இருந்தால் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்கும் கீழே இறங்கி, மயக்கம் வரை கொண்டுபோய்விடும். அப்படி நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். பிறகு உணவு உண்ணுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வெறும் வயிற்றில் போடவும் வேண்டாம். மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுவதற்கு முன் நீங்கள் சாப்பிட்டுவிடுவது சுயநலமாகாது. அவரைத் தூக்கித் திருப்பும் வேளையில் நீங்கள் மயங்கினால் விழப்போவது இருவரும்தான்.

உங்கள் மனவுறுத்தலை நான் புரிந்துகொள்கிறேன். முன்பு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் சாவு என்றாலும் பத்துப் பெண்கள் பங்கிட்டுச் செய்தார்கள். இன்று கொடுத்தவருக்கு நாளை திரும்பி வந்தது. தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு, அந்தப் பத்துப் பேரின் வேலை எஞ்சியிருக்கும் ஒருவர் தோளில் ஏறியிருப்பதை என்னிடம் வரும் பல பெண்களிடம் காண்கிறேன். நீங்கள் அன்பில் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்கு ஆள் போதவில்லை.

ஆகவே ஆள் கேளுங்கள். உதவி வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். நாத்தனாரிடம் நாளும் பொழுதும் குறித்து, "வியாழன் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை அம்மாவுடன் இருங்கள்" என்று கேளுங்கள். இரவில் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறைகளில் ஒன்றிரண்டைக் கணவர் ஏற்கட்டும். தூக்கம் கெட்டாலும் சர்க்கரை ஏறும். படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே வந்து, பராமரிப்பைச் சொல்லித்தரும் குழுவைச் சுகாதார கிளினிக்கின் மூலம் பெற வழியுண்டு. தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சமூகநல இலாகா மாத உதவித்தொகையும் தருகிறது. இரண்டையும் நாளையே விசாரியுங்கள். கோவில் சமையலை, புண் ஆறும்வரை முடியாது என்று காரணத்தோடு சொல்லி விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பிள்ளைகளை விடச் சொல்லமாட்டேன், அவர்கள் வந்தால் உங்கள் மனம் மலர்கிறது என்றால்.

அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான 15555 எண்ணிலும் பேசலாம். நாளை போகும்போது உங்கள் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் சென்று, எதை எத்தனை மணிக்கு உண்கிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.