எல்.கே.ஜி.யில் விளையாட்டு மட்டும்தான்: பள்ளியை மாற்றலாமா?

நாகர்கோவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "திருச்சபை நடத்தும் பாலர் பள்ளியில் என் மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். நாலரை வயது. மணல், கட்டை, பாட்டு என்று விளையாடிவிட்டு வருகிறாள்; நோட்டு காலி. பக்கத்து வீட்டுப் பையன் வேறு பள்ளியில் நாலுகோடு நோட்டில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். 'பீஸ் கட்டி விளையாடவா அனுப்புற?' என்று அத்தை கேட்கிறார். மாதம் ஒரு நாள் பெற்றோரை வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். நாங்கள் இந்துக்கள் என்பதால் ஜெபம், பைபிள் கதை பற்றியும் சின்னத் தயக்கம். பள்ளியை மாற்றலாமா?"

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். முதலில் ஒன்று செய்யுங்கள். நாளை பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது டீச்சரிடம், "இந்த வாரம் இவ எதை வச்சு அதிகமா விளையாடுறா? நீங்க என்ன கவனிச்சீங்க?" என்று கேளுங்கள். "முதல்ல கட்டையை மேல மேல அடுக்கிச் சரிச்சுக்கிட்டிருந்தா, இப்போ பெருசை அடியில வைக்கணும்னு அவளே கண்டுபிடிச்சிட்டா" என்பதுபோல் பதில் வந்தால் அந்தப் பள்ளியை விடாதீர்கள். எத்தனை முறை கேட்டாலும் "நல்லா விளையாடுறாம்மா" என்பதோடு நின்றால், அங்கே பிள்ளைகளை வைத்துக்கொண்டு நேரம்தான் போக்குகிறார்கள். விளையாட்டு வழிக் கல்வி என்ற பெயரில் இரண்டுமே நடக்கின்றன. வித்தியாசம் டீச்சரின் கண்ணில் இருக்கிறது.

சரி, எழுத்துக்கு வருவோம். பிள்ளைகள் பொதுவாக மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள், நான்கில் கூட்டல் குறி, அப்புறம் சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம். சாய்கோடு கடைசியில்தான் கைக்கு வரும். ஏ, கே, எம் எல்லாம் சாய்கோடுகள். நம் 'அ'வோ சுழியில் தொடங்கி, வளைந்து, திசை மாறி, நேர்கோட்டில் முடிகிறது. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் நாலு வயதில் முழுதாக இறுகியிருக்காது. மணலை அள்ளிக் கொட்டுவதும் களிமண்ணைப் பிசைவதும் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதும் அந்தக் கைக்குப் பலம் சேர்க்கும் வேலைகள். (புளியங்கொட்டை தரும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது.)

தொடக்க காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைத்தோம். ஒரு பையன், நோட்டை எடுத்தாலே டவுசரை நனைத்துவிடுவான். அவனை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

இப்போது வேறொரு வகுப்பைச் சொல்கிறேன். தீப்பெட்டியில் பஞ்சு ஒட்டிய பத்து ஆடுகள். லூக்கா 15-ல் வரும் காணாமற்போன ஆட்டின் கதையில் நூறு ஆடுகள். டீச்சர் பிள்ளைகளுக்காகப் பத்தாக்கி, யாரும் பார்க்காதபோது ஒன்றை ஒளித்துவைத்துவிட்டார். ஒரு பையன் விரல் வைத்து எண்ணினான். ஒன்பது. திரும்ப எண்ணினான். "டீச்சர், ஒண்ணைக் காணோம்!" பாய்க்குக் கீழே, கதவுக்குப் பின்னால், மணல் தட்டுக்குள் என்று நாலைந்து பேர் தேடினார்கள். ஆடு கிடைத்ததும் ஒரே கூச்சல். அதற்குள் ஒரு பெண் குழந்தை தானாகவே கட்டைகளை வைத்து வேலி கட்டத் தொடங்கியிருந்தாள்: "இனிமே ஓடாது." ஒன்று முதல் ஐம்பது வரை எழுதும் பிள்ளையிடம் பத்து மணியைக் கொடுத்து ஒன்றை மறைத்துப் பாருங்கள். எத்தனை குறைகிறது என்று சொல்லத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இது புதுசும் இல்லை. ஜெர்மனியில் லூத்தரன் போதகரின் மகனாகப் பிறந்த பிரீட்ரிக் ஃப்ரோபல் 1837-ல் சிறு பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தார். மரக்கட்டைகளைப் பாடமாக்கியவர் அவர்தான். 1844-ல் தாய்மார் வீட்டில் பாடி விளையாடுவதற்கென்றே ஒரு பாட்டுத் தொகுப்பும் வெளியிட்டார். கே.ஜி. என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். வேதாகமத்தில் சகரியா தீர்க்கதரிசி மீண்டெழும் எருசலேமைக் காட்டும்போது, வீதி நிறைய விளையாடும் பிள்ளைகளைக் காட்டுகிறார். விளையாட்டைத் திருச்சபைப் பள்ளி பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வீட்டுப்பாடம் இல்லையே என்ற குறை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 1, 2-ம் வகுப்புகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. எல்.கே.ஜி.க்கு எதற்கு?

ஜெபம் பற்றிய தயக்கத்தை மனதில் வைத்துக்கொண்டிருக்காமல் தலைமை ஆசிரியையிடம் நேராகப் பேசுங்கள். அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது; அரசியலமைப்பின் 28-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. என்ன கதை சொல்கிறீர்கள், என்ன பாட்டு பாடுகிறீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கிறிஸ்தவளாகச் சொல்கிறேன்: சாப்பிடும் முன் நன்றி சொல்வதும் காணாமற்போனதைத் தேடிப் போவதும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். நரகம் என்று பயமுறுத்தும் கதை எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டாம். அப்படி ஏதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மாதம் ஒரு நாள் வருவது சிரமம்தான். முழு நாள் முடியாவிட்டால் அரை மணி நேரம் கேளுங்கள். எங்கள் வகுப்புக்கு ஒரு அப்பா வந்தார், பஸ் கண்டக்டர். டூட்டிக்குப் போகிற வழியில் விசிலும் பையுமாக வந்து இருபதே நிமிடம் இருந்தார். அதன்பின் இரண்டு வாரம் வகுப்பில் பஸ் ஓடியது. டிக்கெட் கிழித்தார்கள், சில்லறை எண்ணினார்கள், வடசேரி போகுமா என்று கேட்டார்கள். அதுவும் முடியாதென்றால் காலித் தீப்பெட்டி, துணித்துண்டு, பழைய சாவி என்று கொடுத்தனுப்புங்கள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, தாத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் போன்ற வீட்டுச் செய்திகளையும் டைரியில் இரண்டு வரி எழுதுங்கள். அன்றைக்குப் பிள்ளை ஏன் கட்டையைத் தூக்கி எறிந்தாள் என்று டீச்சருக்கு அதை வைத்துத்தான் புரியும்.

உங்கள் வீட்டிலிருந்து முதலில் போக வேண்டியவர் அத்தைதான் என்பேன். பூக் கட்டுவாரா? தோவாளைப் பூ கொஞ்சமும் வாழைநாரும் கொடுத்து ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார வையுங்கள். பேத்தியின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அந்த நாரைப் பிடிக்கப் படும் பாட்டை அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அப்புறம் பென்சில் பற்றிப் பேசலாம்.