மகள் போட்ட கணக்கா, போன் போட்ட கணக்கா?

செயற்கை நுண்ணறிவு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன மாதம் தெரியாத்தனமாக எழுதிவிட்டேன். வந்து குவிந்ததில் பாதி பயம், கால்வாசி கோபம், மிச்சம் இன்ஜினீயரிங் அட்மிஷன். 'பெயர் போட வேண்டாம்' என்று நிறையப் பேர் கேட்டிருந்ததால் எல்லோரையுமே ஊரோடு நிறுத்திக்கொண்டேன்.

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்கு வீட்டுப்பாடத்தைப் போனில் படம் பிடித்து ஏஐயிடம் காட்டுகிறாள், அது வரிக்கு வரி போட்டுத் தருகிறது, இவள் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். கேட்டால் 'புரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதறேன்' என்கிறாள். போனைப் பிடுங்கி வைக்கலாமா?
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை, புரிந்துவிட்டது என்றுதான் அவளும் நம்புகிறாள், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கணக்குப் பாடம்தான். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான புத்தகமும் நோட்டும். இன்னொரு கூட்டத்துக்குக் கேட்டதும் விடையைக் கொட்டுகிற ஏஐ. மூன்றாவதுக்கும் ஏஐதான், ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் கடிவாளம் போட்டு வைத்தது. பயிற்சிக் கணக்குகளில் இரண்டாவது கூட்டம், ஏஐ இல்லாதவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாக வாங்கியது, மூன்றாவது 127 சதவீதம். அட, பரவாயில்லையே என்று தோன்றும். அப்புறம் ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை கொட்டும் ஏஐயோடு பயிற்சி செய்தவர்கள், ஏஐயையே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவு. குறிப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை, பெரிய லாபமும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதெல்லாம் அல்ல, மதிப்பெண் குறைந்த அந்தப் பிள்ளைகள் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைக்கவே இல்லை என்பதுதான்.

நாமெல்லாம் கைடைப் பார்த்து எழுதிய தலைமுறை, அதனால் ரொம்பவும் உபதேசம் செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று செய்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் அவளே நோட்டில் போடட்டும். எந்த வரியில் கை நிற்கிறதோ அந்த வரியை மட்டும் காட்டி, 'விடை வேண்டாம், அடுத்து என்ன செய்வது என்று ஒரு குறிப்பு மட்டும் கொடு' என்று கேட்கட்டும். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் அப்படியே தரும். மறுநாள் காலையில் நீங்கள் அடுப்படியில் நிற்கும்போது அதே கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதே இல்லை. எந்த இடத்தில் 'அது அப்படித்தாம்மா' என்று நழுவுகிறாளோ அந்த இடம் அவளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: மாணவர்களின் அசைன்மென்ட்டைச் சோதிக்க எங்கள் கல்லூரியில் ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் கட்டுரையில் 82 சதவீதம் ஏஐ எழுதியது என்கிறது. அவளோ 'நானேதான் எழுதினேன் மேம்' என்று அழுகிறாள். யாரை நம்புவது?
– ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியை, திருவண்ணாமலை

பதில்: அந்தப் பெண் எழுதினாளா இல்லையா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. ஆனால் மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அதனால் பிடிக்க முடிந்தது, மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகக் காட்டியது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே மூடிவிட்டார்கள். சமைத்தவருக்கே உப்பு தெரியவில்லை.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு நடந்த ஆய்வு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று தள்ளின அந்தக் கருவிகள். 91-இல் 89 கட்டுரைகள் ஏதாவது ஒரு கருவியிடமாவது மாட்டின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை மட்டும் ஏறக்குறையச் சரியாகச் சொல்லின. காரணம் எளிது. அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் இவை முக்கியமாகப் பார்க்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்த வாக்கிய அமைப்பில், தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்து, தப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து எழுதும் நம் பிள்ளையின் ஆங்கிலம் ஊகிக்கச் சுலபமாகத்தானே இருக்கும்? இன்னொரு கூத்தும் உண்டு. அதே கட்டுரைகளை சாட்ஜிபிடியிடமே கொடுத்து, சொற்களை ஆங்கிலேயர் எழுதுவதுபோல் மாற்றச் சொன்னார்கள். தவறாக மாட்டுவது 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதாவது ஏஐயைத் தொடாதவர் மாட்டுகிறார், தொட்டவர் தப்பிக்கிறார்.

அந்தக் கட்டுரையை அவள் கையிலேயே கொடுத்து, 'மூன்றாவது பத்தியில் இப்படி எழுதியிருக்கிறாயே, ஏன்?' என்று தமிழிலேயே பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். அறுபது பேர் வகுப்பில் இதற்கு எங்கே நேரம் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்வதற்கு முன் பத்து நிமிடம் அதிகமில்லை.

கேள்வி: பணி நிறைவு விழா ஒன்றில் பேச, நட்பு பற்றிக் குறள் கேட்டேன். குறள் எண்ணோடு தந்தது. பார்த்தால் இரண்டாம் அடியிலும் நான்கு சீர்! கண்டித்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொன்று தந்தது, அதன் எண் 1342. இதற்குப் பொய் சொல்ல வெட்கமே கிடையாதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, 1330-க்கு மேல் பன்னிரண்டு குறள் கூடுதலாகக் கிடைத்த ஒரே ஆள் நீங்கள்தான்! பொய் சொல்ல வேண்டுமானால் உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அந்தக் கவலையே இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பழகியிருக்கிறது. குறள் எப்படி ஒலிக்கும் என்று அதற்குப் பழக்கம், திருக்குறள் புத்தகத்தை அது கையில் வைத்துக்கொண்டு பேசவில்லை. இதே மாதிரி நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர், விமான நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். ஆறு வழக்குகள் நடக்கவே இல்லை. 'இதெல்லாம் நிஜ வழக்குதானே?' என்று அதையே கேட்டிருக்கிறார், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார், மென்பொருளுக்கு அல்ல, வழக்கறிஞர் தரப்புக்கு. நீங்கள் சீரை எண்ணிப் பார்த்தீர்கள், அவர் எண்ணவில்லை.

கேள்வி: ஒரே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் நன்றாகப் பதில் சொல்கிறது, தமிழில் கேட்டால் சொதப்புகிறது. தமிழ் என்றால் இளப்பமா?
– கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: இளப்பம் இல்லை தம்பி, பசி. அது தின்று வளர்ந்த எழுத்தில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் கையளவு. அதோடு இன்னொரு சங்கதி இருக்கிறது, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. இந்த மென்பொருட்கள் எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. துண்டுக்கு டோக்கன் என்று பெயர் (ரேஷன் கடை டோக்கன் இல்லை, ஆனால் வரிசை நீளமாவது இங்கேயும் உண்டு). 'தமிழ்' என்ற சொல்லைக் கணினி த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட்டில் வைத்துக்கொள்கிறது. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தே பைட். பழைய வெட்டும் முறையில் ஒரு தமிழ்ச் சொல் தூள்தூளாகிவிடும். துண்டுக்கு இத்தனை காசு என்று கட்டணம் வாங்கும்போது, அதே விஷயத்தைக் கேட்கத் தமிழன் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மாடல் வந்தபோது ஓப்பன்ஏஐ தானே ஒரு மாதிரி வாசகத்தைக் காட்டியது: தமிழில் முன்பு 116 டோக்கன், புதிய முறையில் 35. ஆங்கிலத்துக்கு 27 இருந்தது 24 ஆனது. எவ்வளவு ஏமாந்திருந்தோம் என்று அவர்கள் கணக்கே சொல்கிறது. இப்போது நிலைமை தேவலை. மிச்சக் குறை தீர வேண்டுமென்றால் நல்ல தமிழ் எழுத்து இணையத்தில் சேர வேண்டும், பேச்சுப் பதிவுகளும் சேர வேண்டும், யாழ்ப்பாணப் பேச்சு உட்பட.

கேள்வி: என் மகனுக்கு நேர்முகத் தேர்வே கேமரா முன்னால்தான் நடந்தது. எதிரில் ஆள் கிடையாது. மறுநாள் 'தேர்வாகவில்லை' என்று ஒரு மெயில். காரணம் கேட்டால் 'சிஸ்டம் ஸ்கோர்' என்கிறார்கள். இது என்ன நியாயம்?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: நியாயம் இல்லை சார். மனிதர் எடுத்தால் முடிவு, மெஷின் எடுத்தால் விதி என்பதுபோல் பேசுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். அமேசானில் வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு மென்பொருள் உருவாக்கினார்கள். பத்து வருடத்து விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள், அவற்றில் பெரும்பாலோர் ஆண்கள். ஆண்தான் நல்ல வேலைக்காரர் என்று அதுவும் முடிவுகட்டி, 'மகளிர் சதுரங்கக் குழுத் தலைவி' என்பதுபோல் மகளிர் என்ற சொல் வந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. திருத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள், 2018-இல் செய்தி வெளியே வந்தது. இங்கிலாந்தில் 2020-இல் கொரோனாவால் பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல் தேர்வு நடக்கவில்லை. ஒவ்வொரு பள்ளியும் முந்தைய ஆண்டுகளில் வாங்கிய மதிப்பெண்ணையும் சேர்த்து ஒரு கணக்கு போட்டு கிரேடு கொடுத்தார்கள் (அது ஏஐகூட இல்லை, வெறும் சூத்திரம்). ஆசிரியர்கள் கணித்ததைவிட 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான கிரேடுகள் இறங்கின. அடி விழுந்தது ஏழைப் பகுதிப் பள்ளிகளில் நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு. தெருவில் இறங்கிக் கத்தினார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கி, ஆசிரியர் போட்ட கிரேடையே கொடுத்தது. கத்துவதற்கு ஒரு அமைச்சர் இருந்தார், அதனால் நடந்தது.

வேலையிடத்திலும் பள்ளியிலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை அளக்கும் மென்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. நம் நாட்டில் ஏஐக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் மகனை ஒரு மெயில் எழுதச் சொல்லுங்கள்: எதை வைத்து மதிப்பிட்டீர்கள், முடிவை ஒரு மனிதர் பார்த்தாரா, அவர் யார் என்று. பதில் வராமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு வரும்.

கேள்வி: பையனுக்கு ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் கிடைக்கிறது, சேர்க்கலாமா?
– ஈரோடு, நாமக்கல், விழுப்புரம் மற்றும் பலர்

பதில்: போர்டில் இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். ஏஐக்கு அடிப்படையே கணக்குதான், அங்கே நிகழ்தகவும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) யார் நடத்துகிறார் என்று மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவனைப் பிடித்துக் கேளுங்கள். அவன் ஒரு பெயரைச் சொல்லி முகம் மலர்ந்தால் சேருங்கள்.

கேள்வி: பேரன் குரலில் போன் வந்தது. விபத்து, உடனே பணம் அனுப்பு தாத்தா என்றான். நல்லவேளை, பேரன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: சில நொடிப் பேச்சு இருந்தாலே இப்போது குரலை நகல் எடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு அழுதாலும் போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பேரன் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், செத்துப்போன பசுமாட்டின் பெயர் மாதிரி எதையாவது, ஃபேஸ்புக்கில் இல்லாததாகப் பார்த்து. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி போன் சார்ஜர் மாட்டும் இடத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள் தாத்தா, காலண்டருக்குப் பின்னால் வேண்டாம்.